ஒரே ஒரு பட்டன்

புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது ஓடவில்லை, நிற்கிறது. ஆனால் திரையில் ஓடுவதாகத்தான் போட்டிருக்கிறது, அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிவப்பு வந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திருத்தலாம், பச்சை வந்தால் வீட்டுக்குப் போகலாம், இப்படி இரண்டும்கெட்டானாக நிற்கிறதை என்ன செய்வது. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து ஓடவிட்டேன், கையில் இன்னும் ரசத்தின் பூண்டு வாசம் இருக்கிறது, இது இன்னும் பதில் சொல்லவில்லை. மழை வரும் என்று பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே வானம் நடுப்பகலிலேயே கறுத்துக் கிடக்கிறது, ஏசி மட்டும் யாருக்காகவோ விடாமல் ஊதுகிறது. திடீரென்று தலைக்கு மேல் விளக்கு அணைகிறது. கரண்ட் போகவில்லை. இந்த ஆபீஸ் விளக்குகள் அப்படித்தான், அசைவு தெரியாவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று தாமே முடிவு கட்டிவிடும். கையைத் தூக்கி ஆட்டுகிறேன். எரிகிறது. இருக்கிறேன் என்று ஒரு விளக்கிடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது, ஜெசிந்தா, உன் பிழைப்பு இப்படி ஆயிற்று.

எளிதான வேலை என்றுதான் எடுத்தேன். ஒவ்வொரு படகிலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. கடலுக்குள் போனதிலிருந்து அது தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும், இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்று. அதுதான் ஸ்ட்ரீம். கரைக்கு வந்து கயிறு கட்டியதும் பெட்டியில் இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும், ‘முடிந்தது’ என்று ஒரு சேதி வரும், அத்தோடு அந்தப் படகின் கதை அன்றைக்கு முடியும். துறைமுகத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிற பழைய புரோகிராமுக்கு இந்த ஸ்ட்ரீம் எல்லாம் புரியாது. அதற்கு லிஸ்ட்தான் வேண்டும். மொத்தமாகக் கட்டிக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, ‘எல்லாப் படகும் வந்து சேர்ந்தன’ என்று போர்டில் போடும். லிஸ்ட் வந்துவிட்டது என்றால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், அதை எழுதின புண்ணியவான் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஸ்ட்ரீமை லிஸ்டாக்குவது ஒரே வரி. சேகரி என்று சொன்னால் போதும். ஆனால் சேகரி என்று சொல்லிவிட்டால் அது வருகிறதையெல்லாம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்துவிடும். பாதி கொடு என்றால் கொடுக்காது. இதுவரைக்கும் யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் வாயே திறக்காது. கடைசிப் படகு ‘முடிந்தது’ சொல்கிறவரை அப்படியே இருக்கும். கடைசிப் படகு சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் இந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

இன்றைக்கு ஓடுவது பொய்த் தரவு இல்லை, இன்றைய நிஜப் படகுகள், அதுவும் எங்கள் ஊர்த் துறைமுகம். உனக்குத் தெரிந்த ஊர்தானே, அதிலேயே சோதித்துப் பார் என்றார்கள். காலையிலேயே அம்மா போன் பண்ணிவிட்டாள். “ஏளா, காத்து மாறிட்டு. எல்லாத்தயும் திரும்பி வரச் சொல்லி மைக்ல கத்துதாவ.” “கஸ்பாரு போயிருக்கானா?” “போவாம? அவன் என்னைக்கு வீட்ல இருந்தான்.” கஸ்பார் என் தம்பி. அப்படியானால் எல்லாரும் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொருவராக வந்து பட்டனை அமுக்குகிறார்கள், மதியத்துக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. யாரோ ஒருவர் இன்னும் சொல்லவில்லை. யார் என்று பார்ப்பது பெரிய காரியம் இல்லை, பக்கத்து ஜன்னலைத் திறந்தால் ஒவ்வொரு பெட்டியின் எண்ணும் தெரியும். திறக்கவில்லை. மவுஸை அந்தப் பக்கம் கொண்டுபோகிறேன், திருப்பிக்கொண்டு வருகிறேன். எதற்குப் பயம்? யாராவது கயிறு கட்டிவிட்டு பட்டனை மறந்து டீ குடிக்கப் போயிருப்பான். நம் ஆட்கள் எதைத்தான் மறக்கவில்லை.

அம்மா எண்ணவிட மாட்டாள். கரையில் நிற்கும்போது கஸ்பாரும் நானும் தூரத்தில் தெரிகிற படகுகளை ஒன்று இரண்டு என்று விரலை நீட்டி ஆரம்பித்தால் கையிலேயே ஒன்று வைப்பாள். “கடல்ல நிக்கிறத எண்ணாத. வந்து ஏறட்டும், பொறவு எண்ணு.” ஏன் என்று கேட்டால் தெரியாது, எண்ணக்கூடாது, அவ்வளவுதான். மீனையும் அப்படித்தான், படகில் கிடக்கும்போது எத்தனை கூடை என்று எவனும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். இஞ்சினியரிங் படித்து, இத்தனை வருடம் இந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் குப்பை கொட்டி, நான் கடைசியில் செய்கிற வேலை கடலில் நிற்கிறதை எண்ணுவதற்குப் புரோகிராம் எழுதுவது. அம்மாவிடம் இதைச் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அப்பாவைக் கடல் ஒன்றும் செய்யவில்லை, சர்க்கரைதான் கொண்டுபோயிற்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மின்விசிறிக்குக் கீழே. நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். அது முடிந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது. தெரிவதுகூட ஒரு பாக்கியம்தான் போல.

லூர்து மாமாவுக்கு அது வாய்க்கவில்லை. ஏன் இப்போது அவர் ஞாபகத்துக்கு வருகிறார், வரவேண்டாம். வருகிறார். எங்கள் தெருவில் கடைசி வீடு. கடலுக்குப் போனவர் வரவில்லை, தேடினார்கள், கிடைக்கவில்லை, முப்பதாம் நாள் பூசையும் வைத்துவிட்டார்கள், ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார், யாருடையதோ சட்டை, யாருடையதோ செருப்பு. ஏதோ தூரத்துக் கரையில் ஒதுங்கி, ஏதோ ஒரு ஜெயிலில் இருந்து, என்னென்னவோ. அவர் வீட்டம்மா வாசலில் நின்றுகொண்டு உள்ளே விடவில்லை. அழவும் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து வந்து நீட்டி, “குடிங்க பாப்பம்” என்றாள். ஆவியாக இருந்தால் தண்ணீர் இறங்காதாம், தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்த்தாள். தெரு முழுக்க நின்று பார்த்தோம். இறங்கியது. அப்புறம்தான் விட்டாள். ஆனால் அதற்குப் பிறகு லூர்து மாமா எந்த வீட்டுக்குள்ளும் நேரே நுழைய மாட்டார். வாசலில் நின்று, “நான் வந்தாச்சா?” என்று கேட்பார். வந்தாச்சு, உள்ளே வாங்க என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நின்றுகொண்டே இருப்பார். கஸ்பார் ஒருமுறை வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், வெயிலில் அந்த மனிதர் நகரவே இல்லை. மூடின லிஸ்டுக்கு வெளியே நிற்கிற ஆள். இப்போதுதான் தோன்றுகிறது. அவர் கேட்டது கேலிக்கில்லை, அவருக்கே நிஜமாகத் தெரியவில்லை. விளக்கு மறுபடி அணைகிறது. கையை ஆட்டுகிறேன்.

“ஜெசி, இன்னும் இதுலயேவா இருக்கீங்க?” இளம்பரிதி. எங்கள் டீம் லீட், என்னைவிடச் சின்னவன், நல்ல பையன்தான், தோளில் பை, கையில் ஹெல்மெட், மகளை ஸ்கூலிலிருந்து கூப்பிட்டு வரப் போகிற அவசரம். “ஒரு படகு முடிஞ்சுதுன்னு சொல்லல. அதான் லிஸ்ட் வரல.” “அதுக்காக உக்காந்துட்டே இருப்பீங்களா? டைம்அவுட் போடுங்க. கொஞ்ச நேரம் எதுவும் வரலன்னா முடிஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கச் சொல்லுங்க. இருக்கிறத வச்சு லிஸ்ட் குடுத்துடும்.” “வராத படகு?” “பெட்டி ரிப்பேர் ஆகியிருக்கும். ஒரு பெட்டிக்காக ஊரே காத்துட்டிருக்க முடியுமா? கன்ட்ரோல் ரூம்ல இருந்து காலைல இருந்து கேக்கிறாங்க, போர்டு காலியாவே இருக்குன்னு.” அவன் சொல்வது தப்பில்லை. எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது, முடிவில்லாத ஸ்ட்ரீமைச் சேகரிக்காதே, ஒரு எல்லை வை என்று. என் கை அந்த வரியை எழுதுகிறது. எவ்வளவு நேரம் பொறுப்பது என்று ஓர் எண், அதற்குப் பிறகு வெறுமை, வெறுமைக்குப் பிறகு முடிவு. ஓடவிட்டேன். பச்சை. அடேயப்பா, எவ்வளவு அழகான பச்சை. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று என் உடம்பே நம்பிவிட்டது. அவன் என் தோளுக்கு மேலாகக் குனிந்து அங்கேயே ரெண்டு தட்டு தட்டித் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, “சூப்பர், கிளம்புங்க, மழை வந்துடும்” என்று போய்விட்டான்.

டீ எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மிஷின் டீ, ஆனாலும் குடித்தேன். முதல் சொட்டுகள் கண்ணாடியில் சாய்வாக விழுகின்றன. காற்று அங்கே எவ்வளவு இருக்கும். போன். அம்மா. “ஏளா, எல்லாரும் வந்துட்டாவளாம். மைக்ல சொல்லிட்டாவ. தேடப் போவ நின்ன படகயும் வேண்டாம்னு நிறுத்தியாச்சு, வீட்டுக்குப் போங்கன்னுட்டாவ.” “நல்லதும்மா.” “கஸ்பாரு இன்னும் வீட்டுக்கு வரல.” டீ கையில் இருக்கிறது. கீழே வைக்க வேண்டும். “எங்கயாவது நின்னு பேசிட்டு நிப்பாம்மா.” “அப்டித்தான் இருக்கும். கரைல எல்லாப் பயலுவளும் நிக்கானுவ. அவன் படகத்தான் காணல. வேற பக்கம் கெட்டிருப்பானோ என்னவோ. எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்ன பொறவு நான் போயி எம்மவன் எங்கன்னு யாருட்ட கேக்க? நீ சொல்லு, அவுகளுக்கு எப்டித் தெரியும் எல்லாரும் வந்துட்டாவன்னு?” கம்ப்யூட்டர்ல தெரியும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். போனை வைத்துவிட்டேன்.

லிஸ்டைத் திறக்கிறேன். ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்க்கிறேன். வந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். லிஸ்டில் ஓட்டை இல்லை, இடைவெளி இல்லை, தொட்டுத் தொட்டு அடுத்தடுத்து நிற்கிறார்கள், யாரோ ஒருவருக்கான இடம் என்று எங்கேயும் காலியாக இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. வராதவனுக்கு லிஸ்டில் இடமே கிடையாது, அவன் இருந்ததாகவே அதற்குத் தெரியாது. கஸ்பாரின் பெட்டி எண் எனக்கு மனப்பாடம். பெட்டியை மாட்டின அன்றைக்குப் போட்டோ எடுத்து அனுப்பி, கூடவே போன் பண்ணினான், “எக்கா, என்னமோ பெரிய கம்பெனின்னிய, ஒரே ஒரு பட்டன்தான் இருக்கு. பசிச்சா எத அமுக்க?” “வந்து சேந்துட்டேன்னு அத அமுக்கு, போதும்.” “சரி, வந்துட்டேன்னு மட்டும் சொல்லுதேன், மத்தத நீயே கண்டுபிடிச்சுக்க.” அந்த எண் லிஸ்டில் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இல்லை. பக்கத்து ஜன்னலை இப்போது திறக்கிறேன். கடைசியாக அவன் ‘இங்கே இருக்கிறேன்’ சொன்னது மத்தியானம், கரையிலிருந்து வெகு தூரத்தில். அதற்குப் பிறகு மௌனம். அந்த மௌனத்தைத்தான் நான் ‘முடிந்தது’ என்று மாற்றி, பச்சை வர்ணம் அடித்து, ஊருக்கு மைக்கில் சொல்லவைத்திருக்கிறேன். தேடப் போக நின்ற படகை நிறுத்தியது காற்று இல்லை, நான். என் தம்பியை நானே மூடிவிட்டேன். கத்த வேண்டும் போல இருக்கிறது, கத்தினால் கேட்க ஆளில்லை, காலி நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. அப்புறம் அழலாம், முதலில் அந்த வரியை எடு. எடுத்தேன். பழையபடி துறைமுகத்துக்கு அனுப்பினேன். பச்சை போய் மறுபடி அந்த வட்டம் சுற்றத் தொடங்கியது. மத்தியானம் எரிச்சலாக இருந்த வட்டம், இப்போது பார்த்தால் கும்பிடலாம் போல இருக்கிறது.

மேஜை போனிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தேன். வேலாயுதம் என்று ஒருவர், பழகின குரல், போர்டு வேலை செய்யவில்லை என்று தினமும் குறைசொல்கிறவர். “மேடம், இப்பத்தான் நல்லா வந்துச்சு, எல்லாப் படகும் வந்துட்டுன்னு போட்டுச்சு, மறுபடி காத்திருக்கவும்னு வருது. என்ன பண்ணீய?” “சார், அது தப்பு. ஒரு படகு வரல. நான் போட்ட வரி தப்பு. தேடப் போக நின்ன படக உடனே அனுப்புங்க.” “போர்டுல…” “போர்டுக்கு லிஸ்ட் அனுப்பினதே நான்தான் சார். என் தம்பி படகு அது.” அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம். அவர் யாரிடமோ கத்துகிறார். நல்ல மனிதர், மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகு கிளம்புகிறது என்றார். எந்தப் பக்கம் போகச் சொல்ல என்றார். எனக்கென்ன தெரியும், கடைசியாக இருந்த இடத்தைச் சொன்னேன், அது மத்தியானத்து இடம், கடல் அப்படியே வைத்திருக்குமா. இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்றேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்கிறேன். விளக்கு அணைகிறது. இந்த முறை கையை ஆட்டவில்லை. ஆள் இல்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். திரை வெளிச்சம் போதும். மழை கண்ணாடியை அறைகிறது. ஒன்றும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை, ஒன்றும் வராதவரைக்கும் அவன் இன்னும் வந்துகொண்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம். அல்லது அந்தப் பெட்டி மட்டும் ஏதோ பலகையில் ஒட்டிக்கொண்டு மிதக்கிறதா. பெட்டிக்குத் தெரியாது, பக்கத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று. தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்க்க முடியாது.

பச்சை. நான் எதையும் தொடவில்லை. வட்டம் நின்று, பச்சை வந்து, லிஸ்ட் தானாக வந்து விழுந்தது, முழு லிஸ்ட், அடியில் கஸ்பாரின் எண். ‘முடிந்தது’ என்று அவன் பெட்டியிலிருந்து சேதி. போனில் வேலாயுதம், “மேடம், வந்துட்டு மேடம்! பச்சை வந்துட்டு, எல்லாப் படகும் வந்துட்டுன்னு போட்டுட்டு. தேடப் போனவங்களத் திரும்பச் சொல்லிரவா?” வந்துவிட்டான். அம்மாவுக்கு போன் பண்ணு. இல்லை, இரு. சேதியோடு இடமும் வந்திருக்கிறது. பார்த்தேன். கரை இல்லை. கரைக்குப் பக்கத்தில்கூட இல்லை, மத்தியானம் இருந்ததைவிடத் தெற்கே, நடுக்கடல். நடுக்கடலில் எங்கே கயிறு கட்டுவான், எதை முடித்தான்? பெட்டி நனைந்து தானாக உளறுகிறதா? வருகிற சேதியையெல்லாம் குறித்துவைக்கிற லாக் ஜன்னலில் புதிதாக ஒரு வரி. ஏற்கெனவே முடிந்த ஸ்ட்ரீம் மறுபடி ‘முடிந்தது’ என்கிறது, விதிப்படி ஒரு முறைதான் முடியலாம், புறக்கணித்தேன் என்று புரோகிராம் முணுமுணுக்கிறது. அதற்குக் கீழே இன்னொன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று, உடனே இன்னொன்று. முடிந்தது, புறக்கணித்தேன். முடிந்தது, புறக்கணித்தேன். தானாக உளறுகிற பெட்டி ஒரே சீராக உளறும். இது சீராக இல்லை. கை வலித்தால் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிற மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு பட்டன்தான் இருக்கு எக்கா. பசிச்சா எத அமுக்க.

“வேண்டாம் சார்! திரும்பச் சொல்லாதீங்க!” நான் எழுந்து நின்று கத்தின கத்தில் விளக்கே எரிந்துவிட்டது. “பச்சை வந்துட்டே மேடம்.” “அது வந்து சேந்துட்டான்னு இல்ல சார், ஆள் இருக்கான்னு. கையால அமுக்குறான் சார், விடாம அமுக்குறான். இடம் சொல்றேன், எழுதிக்குங்க.” எண்களைச் சொல்கிறேன், அவர் திரும்பச் சொல்கிறார், நான் சரி என்கிறேன், அடுத்த வரி வந்ததும் அந்த இடத்தையும் சொல்கிறேன். அவர் அதை வயர்லெஸ்ஸில் தேடுகிற படகுக்குச் சொல்வது எனக்கும் கேட்கிறது. மேஜைமேல் கிடக்கிற என் செல்போன் அதிர்கிறது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டேன். காற்றுச் சத்தம்தான் முதலில் வந்தது, கரையில் நிற்கிறாள் போலிருக்கிறது. “ஏளா, மறுபடியும் எல்லாரும் வந்தாச்சுன்னு எழுத்து வந்திருக்காமே. கஸ்பாரு வந்துட்டானா?” திரையில் இன்னொரு வரி ஏறியது. முடிந்தது.

“இல்லம்மா,” என்றேன். “கூப்பிடுதான்.”